திருகோணமலையும் அம்மாவின் ஐசியும்

விடிய ஐந்து மணிக்குக் கல்லடியில் இருந்து வான் வெளிக்கிட்டது. அப்பா, அம்மா, நான், தங்கச்சி. திருகோணமலைக்குப் போய் அன்றைக்கே திரும்புவதுதான் திட்டம். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கரையோரமாகப் போகிற றோட்டு.

"என்ன கெதியா வந்திட்டம்!" ஒவ்வொரு பாலத்திலும் அம்மா இதைச் சொன்னா.

அவ சின்னப் பிள்ளையாக இந்த வழியால் போனபோது பாலத்துக்குப் பதிலாகப் பாதைதான். எங்கட பக்கத்தில் 'பாதை' என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை எங்கள் வாவியையும் அப்படித்தான் கடந்தோம். கிண்ணியாப் பாலம் 2009இல் வந்தது. 396 மீற்றர் நீளம். தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்த பாட்டு முடியுமுன் கடந்துவிட்டோம்.

"யுத்தத்துக்குள்ள இந்த றோட்டால வர ஏலாது மனே. ஹபரணையால சுத்தித்தான் வாற" என்றா அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும். பழைய கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைப் பிடித்தார்கள். பிரெட்றிக் கோட்டை என்ற பெயர் ஆங்கிலேயர் வைத்தது. இப்போது உள்ளே இராணுவம் இருக்கிறது. மான்களும் இருக்கின்றன. தங்கச்சி மானைக் கண்டதும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அம்மா நடக்கவில்லை. ஹேண்ட்பேக்கைத் திறந்து, ஐசியை எடுத்து, கையில் பிடித்துக்கொண்டு நின்றா.

"ஆரும் கேக்கல்லயே அம்மா."

"கேட்டா?"

சனம் எங்களைத் தாண்டிக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருவரையும் மறிக்கவில்லை. அம்மா வாசலைக் கடந்து கோயில் படி வரைக்கும் ஐசியைப் பைக்குள் வைக்கவேயில்லை.

பின்னேரம் கடற்கரையில் சோத்துப் பார்சலை அவிழ்த்தபோதுதான் சொன்னா. தொண்ணூறுகளில் அம்மம்மாவும் அம்மப்பாவும் அவவும் இதே ஊருக்கு பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். வழியில் ஒரு செக்பொயின்ற்றில் எல்லாரையும் இறக்கி நடக்க விட்டிருக்கிறார்கள். அம்மப்பா ஐசியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவரை ஒருபக்கம் இருத்தினார்கள். பஸ் போய்விட்டது. பொழுதுபட்டபிறகுதான் விட்டார்கள். "அடிக்கல்ல, ஒண்டும் செய்யல்ல. ஆனா அண்டைக்கு நாங்க ரெண்டு பேரும் றோட்டில இருந்த இருப்பு..." என்று சொல்லிவிட்டு அம்மா சோற்றைப் பிசைந்தா.

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி முதல்தடவையாக ஃபோனைக் கீழே வைத்தாள். யுத்தம் முடிந்தபிறகு பிறந்தவள் அவள். "பிறகு அம்மப்பா திருகோணமலை பாத்தாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. அப்படியே திரும்பிட்டம்."

இரவு வரும் வழியில் கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட பொலிஸ் ஒருவர் ரோர்ச் அடித்து வானை மறித்தார். லைசன்ஸ் பார்த்தார், போகச் சொன்னார். ஒரு நிமிடம்கூட இல்லை. வான் நகர்ந்தபிறகுதான் கவனித்தேன், என்னுடைய கையும் பேர்ஸைத் தொட்டபடி இருந்தது. எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

தங்கச்சி நித்திரை. அடுத்த வருடம் அவளுக்கும் ஐசி வரும். ஓஎல் பரீட்சை மண்டபத்தில் மட்டும் அவள் அதைத் தேடினால் போதும்.