சிறிய வேலைக்குச் சிறிய கருவி



அந்நாளில் தோட்டத்துக் கிராணியார் கையில் இருந்த செக்ரோல் புத்தகம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஆளுக்கு ஒரு வரி. ஒரு நாளுக்கு ஒரு கட்டம். காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டதும் ஓர் அடையாளம் விழும். மாதக் கடைசியில் கூட்டினால் கணக்குத் தயார். கம்பியூட்டர் தொழிலில் இருக்கும் நான் அதைப் பெரிய பாடமாகவே கருதுகிறேன். சிரிக்காதீர்கள்!

குளுவாங் பக்கம் ஒரு தோட்டக் கோயிலுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தரக் கேட்டார்கள். அர்ச்சனைச் சீட்டு, உபயம், செலவு. அவ்வளவுதான். உடன் வேலை செய்யும் தம்பி, "எல்லாரும் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்கைப் போடலாமே, அண்ணே!" என்றார். அது பிறர் முன்கூட்டியே கட்டி வைத்த பெரிய சட்டகம். அதற்குள் நம் வேலையைப் பொருத்த வேண்டும். அதை எடுத்தால், அது நம்பியிருக்கும் பல சிறு துண்டுகளும் கூடவே வரும். பெரிய வங்கிக்கு அது தேவைப்படலாம். கோயிலுக்கு எதற்கு?

2016 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். 'லெஃப்ட் பேட்' என்பது 11 வரியே உள்ள ஒரு துண்டு. எழுத்துகளுக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவதே அதன் வேலை. எழுதியவர் ஒரு தகராறில் மனம் கசந்து, பொதுக் களஞ்சியத்திலிருந்து அதை எடுத்துவிட்டார். உலகெங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் கட்டுமான வேலை தடைப்பட்டது. அப்படி ஒரு துண்டை நம்பியிருக்கிறோம் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது!

இன்னொரு கதையும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்தார். விவரங்களைத் தரும் சர்வர் நின்றால் அவருடைய மென்பொருளும் படுத்துவிடும். ஆகவே, சர்வரே வேண்டாமல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் 'எஸ்கியூலைட்'டை எழுதினார். இன்று உங்கள் கைப்பேசிக்குள்ளும் அது இருக்கிறது. எளிமை என்றால் அறிவுக் குறைவு அல்ல.

கோயிலுக்கு அதையே எடுத்தேன். ஒரு திரை, மூன்று பொத்தான், ஒரு கோப்பு. மாதந்தோறும் கணக்கை அச்சிட்டுப் பலகையில் ஒட்டுகிறார்கள். பால் வெட்டி ஓய்ந்த அம்மா ஒருவர், தாம் கொடுத்த 20 ரிங்கிட் உபயத்தை விரல் வைத்துத் தேடி, "இதோ இருக்கு!" என்றார்.

பிறர் கணக்கை வாய்மூடி நம்பியே வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். இத்தொழிலுக்கு வரும் உங்கள் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நாளை நாம் இல்லாவிட்டாலும், அடுத்து வருபவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். பணம் கொடுத்தவர் தாமே சரிபார்க்க முடிய வேண்டும்.