காலண்டர் காடு

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டு ஹாலில் ஒரு காலண்டர் தொங்கும். ஏதோ வெளிநாட்டுக் காடு. மரமெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. வருஷம் முடிந்த பிறகும் அப்பா அதைக் கழற்றவில்லை. "பெயின்ட் அடிச்சிருப்பான்" என்பது அம்மா கட்சி. "நிஜம்டி" என்பது அப்பா கட்சி. இருபது வருஷமாகத் தீர்ப்பு வராத வழக்கு.

2018 செப்டம்பரில் அப்பா லண்டனுக்கு, என்னிடம் வந்தார். தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஊரிலேயே தங்கிவிட்டாள். வந்த அன்றே கேட்டார்: "அந்தக் காலண்டர் காடு இங்க எங்கேடா இருக்கு?"

"போலாம்ப்பா. இந்த வாரம் கொஞ்சம் வேலை."

சாஃப்ட்வேர்காரன் 'கொஞ்சம் வேலை' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். வரிசையாக ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தீபாவளிக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று நவம்பர் 2-க்கு டிக்கெட்.

அக்டோபர் 21. குற்ற உணர்ச்சி தாங்காமல், மேப்பில் பெரிதாகப் பச்சை தெரிந்த ஓர் இடத்துக்கு ரயிலேறினோம். இறங்கிப் பார்த்தால் வரிசையாகப் பைன் மரம். ஒரு இலை கூட நிறம் மாறவில்லை.

அப்பா அரைமணி நேரம் நடந்துவிட்டு, "கொடைக்கானல் மாதிரியே இருக்குடா" என்றார். பாராட்டு இல்லை என்பது புரிந்தது.

மறுநாள் பக்கத்து சீட் வெள்ளைக்காரரிடம் புலம்பினேன். சிரித்தார். முதல் உலகப்போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன், 1919-ல் வனத்துறை கமிஷன் அமைத்து ஊசியிலை மரங்களாக நட்டுத் தள்ளியதாம். பைனும் ஸ்ப்ரூஸும் குளிரிலும் பச்சைதான். "நிறம் வேண்டுமானால் ஓக், பீச், ஹார்ன்பீம் என்று அகல இலை மரங்கள் இருக்கும் பழைய காட்டுக்குப் போ" என்றார். ஆர்ட்னன்ஸ் சர்வே மேப்பில் இரண்டுக்கும் தனித்தனி மரப் படம் போட்டிருக்கும். ஊசியிலைக்குக் கூம்பு, அகல இலைக்கு உருண்டை. இத்தனை நாள் லண்டனில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

அவர் சொன்ன இடம் எப்பிங் காடு. சென்ட்ரல் லைனில் ஏறி லௌட்டன் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் காடு. டியூப் ரயிலிலேயே போகலாம்!

28-ம் தேதி ஞாயிறு. நுழைந்ததும் அப்பா நின்றுவிட்டார். பீச் மரங்கள் செம்பு நிறத்தில். ஹார்ன்பீம் மஞ்சள். கீழேயும் மேலேயும் ஒரே வெளிச்சம். காலண்டர்காரன் கொஞ்சம் குறைத்துத்தான் அச்சடித்திருக்கிறான்.

ஒவ்வொரு மரமும் ஆள் உயரத்துக்கு மேலே பத்து கையாகப் பிரிந்திருந்தது. அப்பா தட்டிப் பார்த்தார். "நம்ம முருங்கையைக் கழிச்சு விடற மாதிரி கழிச்சிருக்காங்கடா. ஆடு மாடு துளிரை எட்டக் கூடாதுன்னு உசரத்துல வெட்டியிருக்கான்." அப்புறம் படித்துப் பார்த்தேன். அதேதான்! ஊர்க்காரர்களுக்கு இங்கே விறகு வெட்டும் உரிமை இருந்தது. நிலக்காரர்கள் வேலி போட, ஜனங்கள் சண்டை போட, 1878-ல் சட்டம் வந்து காடு பொதுவில் நின்றது. விறகு உரிமை அத்தோடு போனது. நஷ்டஈட்டில் லௌட்டனில் ஒரு ஹால் கட்டினார்கள். இன்னும் இருக்கிறது.

"ஏன்டா நிறம் மாறுது?"

"குளிர் வந்ததும் பச்சையம் சிதைஞ்சிடும்பா. மஞ்சள் புதுசா வர்றதில்ல. கோடை பூரா உள்ளேயே இருக்கும். பச்சை போனதும் வெளியே தெரியும்."

அப்பா யோசித்தார். "ரிட்டயரான மனுஷன் மாதிரின்னு சொல்லு."

அன்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்த நாள். அதை நான் கணக்கில் வைக்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பித்துவிட்டது. தட்டுத் தடுமாறி ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா சட்டைப் பையில் ஒரு பீச் இலை. வழக்குக்கு ஆதாரமாம்.

அடுத்த அக்டோபரில் அப்பாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. இப்போதெல்லாம் தெருமுனை டீக்கடை வரைதான். அந்த ஞாயிறும் 'கொஞ்சம் வேலை' என்று சொல்லியிருந்தால்? அடிக்கடி நினைத்துக் கொள்கிறேன். இலைகள் நம்முடைய லீவ் சாங்ஷனுக்குக் காத்திருப்பதில்லை. அப்பாக்களும்தான்.

வழக்கு என்னாயிற்று என்கிறீர்களா? டைரியில் வைத்திருந்த இலையை, குப்பை என்று அம்மா பெருக்கித் தள்ளிவிட்டாள். போனில் போட்டோ காட்டினேன்.

"கம்ப்யூட்டர்ல கலர் போட்டிருப்பே" என்றாள்.

பின்னால் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.