மிதிவண்டியில் தொடங்கிய தவம்

தவக்காலம் வந்ததும் செபம், நோன்பு, அறம் என்னும் மூன்றையும் பற்றி நாம் பேசுகிறோம். செபத்திற்குச் சிலுவைப்பாதை உண்டு. நோன்பிற்கு வெள்ளிக்கிழமை உண்டு. அறத்திற்கோ பெரும்பாலும் உண்டியல் ஒன்றே உண்டு. கடந்த தவக்காலத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த நண்பர் அறுவர் இம்மூன்றையும் ஒன்றாய்ச் சேர்த்துப் பார்க்க விரும்பினோம். அதன் விளைவே சென்னை சாந்தோமிலிருந்து வேளாங்கண்ணி வரை, ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நாட்களில் கடந்த எங்கள் மிதிவண்டிப் பயணம். அதன் முதல் நாளைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

பயணத்தின் நோக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பங்கில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். இரவென்றும் பகலென்றும் பாராமல் எத்தனையோ நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றவர். இன்று அவரே சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்கிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடக்க வேண்டும். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்றாலும், போக்குவரத்துச் செலவும், மருந்துச் செலவும், நின்றுபோன வருமானமும் அக்குடும்பத்தை வாட்டுகின்றன. எனவே, நாங்கள் கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் முதல் பத்து ரூபாய் வரை தருவதாகப் பங்குக் குடும்பங்கள் வாக்களித்தன. தூரம் குறைந்தால் தொகையும் குறையும். எங்கள் அறுவரில் மின்பணியாளரான நண்பர் அந்த ஓட்டுநரின் உடன்பிறந்த தம்பி.

அதிகாலை நான்கரை மணிக்குப் புனித தோமையாரின் கல்லறைமேல் எழுந்துள்ள பேராலயத்தின் முன் கூடினோம். பங்குத்தந்தை எங்களையும் எங்கள் வண்டிகளையும் மந்திரித்தார். எங்களுள் மூத்தவர் 62 வயதான ஓய்வுபெற்ற தபால்காரர். பல்லாண்டுகள் தபால் பையைச் சுமந்த அதே மிதிவண்டியில் அவர் வந்திருந்தார். "சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமானால் மெதுவாக மிதியுங்கள்" என்பதே அவர் தந்த ஒரே அறிவுரை. இருளில் இருவர் இருவராகச் செபமாலை சொல்லிக்கொண்டே திருவான்மியூரைக் கடந்தோம். முட்டுக்காட்டுப் பாலத்தை அடைந்தபோது கடலின்மேல் கதிரவன் எழுந்தான்.

மாமல்லபுரத்தில் இட்டிலி உண்ணும்போது, எங்களுடன் வந்த ஆசிரியர் இத்தாலிய வீரர் ஜீனோ பார்த்தாலியின் கதையைச் சொன்னார். 1938-லும் 1948-லும் பிரான்சு நாட்டின் பெரும் மிதிவண்டிப் பந்தயத்தில் வென்ற அந்தக் கத்தோலிக்கர், போர்க்காலத்தில் யூத மக்களைக் காக்கும் போலி அடையாளத் தாள்களைத் தம் வண்டியின் குழாய்களுக்குள் மறைத்துக் கொண்டு சென்றார். பயிற்சிக்குச் செல்வதாகவே காவலர் எண்ணினர். போருக்குப் பின்னும் அவர் இதை வெளியில் பேசியதில்லை. 2000-இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2013-இல்தான் இஸ்ரேல் நாட்டின் யாத் வாஷெம் நினைவகம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கச் சொன்ன ஆண்டவரின் போதனைக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

கல்பாக்கம் கழிந்து, பாலாற்றின் வெண்மணலைத் தாண்டியபின் வெயில் ஏறியது. நண்பகலுக்குப் பின் கடற்காற்று எதிர்த்து வீசத் தொடங்கியது. மரக்காணத்தை நெருங்கியபோது, அதுவரை எல்லோருக்கும் முன்னே சென்ற கல்லூரி மாணவர் திடீரென வண்டியை நிறுத்திச் சாலையோரத்தில் சாய்ந்தார். இரு கெண்டைக்கால்களிலும் தசை இறுகிக் கல்லாய்ப் போயிருந்தது. புதுச்சேரிக்கு இன்னும் 35 கிலோமீட்டர் இருந்தது. பேருந்தில் ஏற்றிவிடலாமா என்று ஆலோசித்தோம். "அந்தத் தூரத்திற்கான பணம் போய்விடுமே" என்று கலங்கினார் அந்த இளைஞர்.

சாலையின் இருபுறமும் உப்பளங்கள். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு தாய் எங்களைக் கண்டு வந்தார். தம் தூக்குச்சட்டியிலிருந்த நீராகாரத்தில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து மாணவருக்குக் குடிக்கக் கொடுத்தார். வியர்வையோடு உடலின் உப்பும் வெளியேறுகிறது என்பதை நாள்தோறும் வெயிலில் நிற்கும் அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. எங்கள் பயணத்தின் காரணத்தைக் கேட்டறிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "அவரு சம்சாரமும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, வீட்டுல புள்ளைங்களுக்கு யாருங்க சோறாக்கிப் போடறது?"

எங்களில் எவரும் பேசவில்லை. மின்பணியாளர்தான் மெல்லச் சொன்னார்: "அண்ணி முதல் நாள் இரவே சமைத்து வைத்துவிடுவார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் பிள்ளைகள் தாங்களே போட்டுச் சாப்பிடுவார்கள்." அதுநாள்வரை அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை; கேட்டவரும் இல்லை.

முக்கால் மணி நேர ஓய்வுக்குப் பின் மாணவர் எழுந்தார். தபால்காரர் அவருக்கு முன்னே சென்று எதிர்காற்றைத் தம்மேல் வாங்கிக்கொண்டார். மூத்தவரின் நிழலில் இளையவர் மெல்ல மிதித்தார். காலாப்பட்டைத் தாண்டி, மாலை ஆறு மணியளவில் அறுவரும் புதுச்சேரித் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் முன் இறங்கினோம். ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் ஒன்றும் குறையவில்லை.

அன்றிரவு கால்களுக்குத் தைலம் தடவிக்கொண்டே நெடுநேரம் பேசினோம். எங்கள் வலி ஓர் இரவில் தணிந்துவிடும். அந்த ஓட்டுநரின் வலி வாரம் மூன்று முறை திரும்ப வரும். திரட்டும் பணம் சில மாதங்களில் கரைந்துவிடும். பிள்ளைகளின் பசி கரையாது. 1833-இல் பாரிஸ் நகரில் 20 வயது மாணவரான பிரெடெரிக் ஓசானாம் நண்பர்களோடு வின்சென்ட் தெ பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழைகளின் இல்லங்களுக்கு நேரில் செல்வதையே முதற்பணியாகக் கொண்டார். உதவியைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, வாசற்படி ஏறி உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். உப்பளத்துத் தாயின் கேள்வி எங்களையும் அந்த வாசற்படிக்கே அழைத்துச் சென்றது.

ஊர் திரும்பியதும் எங்கள் அன்பியக் குடும்பங்கள் முறை வகுத்துக்கொண்டன. சிகிச்சை நடக்கும் மூன்று நாட்களிலும் மாலையில் ஒரு வீட்டிலிருந்து சூடான உணவு அப்பிள்ளைகளுக்குச் செல்கிறது. தவக்காலம் முடிந்த பின்னும் அது நிற்கவில்லை.

அன்பு வாசகர்களே, நம் ஒவ்வொரு பங்கிலும் இத்தகைய வீடு ஒன்றேனும் இருக்கும். அங்கு செல்ல 320 கிலோமீட்டர் மிதிக்க வேண்டியதில்லை. இரண்டு தெரு நடந்தால் போதும். காணிக்கை உறையோடு "வீட்டில் யார் சமைக்கிறார்கள்?" என்ற கேள்வியையும் எடுத்துச் செல்வோம். சீடர்களை உப்புக்கு ஒப்பிட்ட ஆண்டவர், நம்மிடம் எதிர்பார்ப்பதும் அந்த ஒரு சிட்டிகைதான்.