பிக்கப்பில் பாய் விரித்து

காய்கறி சுமந்த பழைய வண்டி பயண வீடாகிறது. பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை அதற்கு எத்தனை முட்டுக்கட்டைகள்!

பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் கிழக்கு விளிம்பு மாவட்டங்கள். நடுவே ஆனைமலை. கேரள மண்ணை விட்டு இறங்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் திருச்சூர், கோதமங்கலம் என்று மேற்கே சுற்ற வேண்டும். குறுக்கு வழி தமிழ்நாடு. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பிறகு சின்னாறு வழியாக மறையூர், மூணாறு. பரம்பிக்குளத்தின் கதை இன்னும் விசித்திரம். அது பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் சாலை சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக் காட்டுக்குள் இருக்கிறது.

இந்த எல்லைச் சாலைகளில் நெடுங்காலமாக இரண்டு வகை வண்டிகளுக்குத்தான் ராஜ்யம். ஒட்டன்சத்திரம், கம்பம் சந்தைகளிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி சுமக்கும் பிக்கப் ஒன்று. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப் இன்னொன்று. சமீப ஆண்டுகளில் மூன்றாவது வகை ஒன்றும் தென்படுகிறது. வண்டி அதே பழைய பிக்கப்தான். பின்னால் தக்காளிக்குப் பதில் மெத்தை, அடுப்பு, தண்ணீர் கேன், மடக்கு நாற்காலி.

ஆசை நியாயமானது. விடுதி அறை தேட வேண்டாம், நேரத்துக்கு ஓடி அறையைக் காலி செய்ய வேண்டாம், விடிந்ததும் கதவைத் திறந்தால் எதிரே மலை. ஆனால் இந்த மலைகளில் வண்டியை எப்படி அலங்கரிப்பது என்பதை உரிமையாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், வனத்துறை, மழை ஆகிய மூன்று பேருக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் வண்டி. பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் குனிந்து பார்க்க வேண்டியது சேசிஸை. கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிய வண்டி என்றால் விலை குறைவாகவே இருக்கும். காரணத்தை மூக்கே சொல்லிவிடும். பனிக்கட்டி உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் தட்டிலிருந்து வழிந்து சேசிஸ் மூலைகளில் தங்கியிருக்கும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் போதும், துரு சொல்லிவிடும். காய்கறி வண்டி, சிமென்ட் வண்டியைவிட மேல். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் பளபளக்கும் டயர்கூட எட்டு வயதுக் கிழமாக இருக்கலாம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் அதை நம்பி இறங்கக் கூடாது.

அடுத்தது தட்டின் நீளம். ஒற்றை கேபின் பிக்கப்பில் எட்டடிக்கு மேல் இடம் கிடைக்கும். இருவர் காலை நீட்டிப் படுக்கலாம். நால்வர் உட்காரும் இரட்டை கேபின் வண்டிகளில் பின்தட்டு நாலைந்து அடிதான். 2016இல் வந்த இசுசூ வி-கிராஸ் வெள்ளை எண் பலகையோடு சொந்த வாகனமாகப் பதிவாவதால் பயணக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆயிற்று. ஆனால் ஆறடி ஆள் அதில் படுத்தால் பின்கதவைத் திறந்து வைத்துக் கால்களை மறையூர் பனிக்குக் கொடுக்க வேண்டியதுதான். மஞ்சள் பலகை போட்ட பிக்கப் சரக்கு வாகனம். எட்டு வயது தாண்டினால் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். ஓடும்போது தட்டில் ஆள் இருக்கக் கூடாது. பின்னால் படுத்துக்கொண்டே மலையேறலாம் என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்த தகப்பன்மார்கள் அதை வாபஸ் வாங்குவது நல்லது.

உள் அலங்காரத்தில்தான் பெரிய வம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும் என்றது. ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் நினைத்திருந்தால் 2021 ஆகஸ்ட் அந்த நினைப்பைக் கலைத்தது. பயண வீடியோக்களால் லட்சக்கணக்கான ரசிகர்களைப் பெற்றிருந்த இரு சகோதரர்கள் வீடாக மாற்றிய வேனைக் கண்ணூரில் மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியது. போக்குவரத்து அலுவலகத்தில் எழுந்த தகராறில் சகோதரர்கள் கைதானார்கள். மாநிலமே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த மாதமே கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022இல் இடுக்கியின் வாகமணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. முரண்பாடு போலத் தோன்றினாலும் சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்ற வகையை மத்திய அரசின் பட்டியலே ஏற்கிறது. ஆனால் அது அதற்குரிய தரத்தில் கட்டப்பட்டு, அப்படியே பதிவாக வேண்டும். தெருமுனைத் தச்சரும் வெல்டிங் பட்டறைக்காரரும் சேர்ந்து செய்த கலைப்படைப்புக்கு அந்தப் பெயர் கிடையாது.

அப்படியானால் சாதாரண ஆள் என்ன செய்வது? விடை காய்கறி வண்டிக்காரர்களிடம் இருக்கிறது. அவர்கள் எதையும் வண்டியோடு இறுக்குவதில்லை, கட்டுகிறார்கள். தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் டிரேக்கள் எட்டோ பத்தோ வாங்கித் தட்டில் பரப்பி, மேலே பிளைவுட் பலகை போட்டால் கட்டில் தயார். டிரேக்களே இழுப்பறைகள். ஒன்றில் அரிசி பருப்பு, ஒன்றில் பாத்திரம், ஒன்றில் துணி. லாரிக்காரர்கள் போடும் கயிற்று முடிச்சைக் கற்றுக்கொண்டால் எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் அசையாது. ஊர் திரும்பியதும் அரை மணியில் அவிழ்த்து இறக்கிவிடலாம். வண்டி மறுபடி பதிவுச் சான்றில் உள்ள வண்டிதான். பலகையை ஆணியடித்து, கூரையைப் பற்றவைத்து, பக்கத்தில் ஜன்னல் வெட்டிய பிறகுதான் அது வேறு வண்டியாகிறது.

எடையும் கவனிக்க வேண்டிய சங்கதி. ஒரு டன்னுக்கு மேல் சுமக்கப் பிறந்த பிக்கப்பின் வில் பட்டைகள் காலி வண்டியில் ஆளைத் தூக்கி எறியும். சிலர் சொகுசுக்காக ஒரு பட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். ஆபத்தான புத்திசாலித்தனம். காலி வண்டி குதிக்காமலிருக்க மணல் மூட்டை போடுவது ஓட்டுநர்களின் பழைய வைத்தியம். பயணிக்கு மணல் தேவையில்லை, தண்ணீர் இருக்கிறது. 20 லிட்டர் கேன்கள் மூன்று என்றால் 60 கிலோ. பின் அச்சுக்கு முன்னால் கட்டினால் வண்டியும் அடங்கும், குளிக்கவும் ஆகும். கூரை மேல் கூடாரம், பெட்டி, சைக்கிள் என்று அடுக்குவது படத்துக்கு அழகு. பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று பக்கவாட்டில் மோதும்போது உயரமான வண்டிக்கு ஸ்டியரிங் தனக்கென்று ஒரு கருத்து சொல்லத் தொடங்கும்.

கூரைக்குத் தார்ப்பாய் போதும். முழுக்க மூடிக் கட்டினால் இரண்டு பேர் மூச்சு விட்ட ஈரமே விடியற்காலையில் சொட்டும். இரு முனையிலும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். இது சௌகரியத்துக்காக மட்டும் சொல்வதல்ல. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. நிறமோ மணமோ இல்லாத வாயு. எஞ்சினை ஓடவிட்டுக் குளிரூட்டியோடு தூங்குவது, குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொள்வது எல்லாம் இதே வழிதான். மூணாறில் ஜனவரியின் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். அதற்கு மருந்து கூடுதல் கம்பளி. ஐந்து கிலோ சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, பின்கதவைச் சாய்த்து, அதன்மேல் அடுப்பை வைத்து, தரையில் நின்றே சமைக்க வேண்டும். தேநீர்க் கடைகள் இத்தனை உள்ள ஊரில் சமையல் தேவைதானா என்பது வேறு கேள்வி.

வண்டி தயார். படுப்பது எங்கே? இங்கேதான் பலரது கனவு கலைகிறது. நெம்மாராவிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதிக்கு ஏறும் சாலை வனச் சோதனைச் சாவடி வழியாகத்தான் போகிறது. பகலிலேயே ஏறிவிட வேண்டும். மேலே எஸ்டேட்டுகளுக்குள் போகும் கல் தடங்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகளுக்கே உரியவை. வாடகை ஜீப் எடுத்துவிட்டுப் பிக்கப்பைக் கைகாட்டியில் நிறுத்துவது கௌரவக் குறைவல்ல. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். ஏழு மீட்டர் சுற்றளவுள்ள கன்னிமாரா தேக்கைப் பார்க்க வனத்துறை வண்டியில் போகலாம். இரவு தங்குவதும் வனத்துறை குடிலில்தான். காட்டோரம் வண்டியை ஒதுக்கிப் படுப்பது அங்கே குற்றம்.

உடுமலை - மறையூர் சாலையும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் சின்னாறு சரணாலயம். மழை மறைவுப் பிரதேசம் என்பதால் மூணாறு தென்மேற்குப் பருவமழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது இங்கே முட்புதரும் வெயிலுமாக இருக்கும். சாம்பல் நிற மலை அணில் வாழும் அபூர்வக் காடு. யானைகள் சாலையைத் தங்கள் சொத்தாகவே கருதுகின்றன. நிற்காமல், இருட்டும் முன் கடந்துவிட வேண்டும். மறையூரில் மூச்சு வாங்கலாம். சந்தனக் காடு, கற்திட்டைகள், ஆலைகளில் கொதிக்கும் வெல்லம். அங்கிருந்து காந்தளூர், மறுபக்கம் மூணாறிலிருந்து வட்டவடை. இரண்டும் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் விவசாயிகளின் ஊர்கள். பூண்டு வயலோரம் அனுமதி கேட்டு ஓர் இரவு வண்டியை நிறுத்துவது இந்தப் பக்கம்தான் சாத்தியம். கேட்பது முக்கியம்.

மழைக்காலத்தில் யார் அனுமதி கொடுத்தாலும் இடுக்கி மலைச் சரிவில் படுக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. மாண்டவர்கள் 70 பேர், பெரும்பாலும் தமிழர்கள். அவர்கள் வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே உறங்கியவர்கள். சிவப்பு எச்சரிக்கை அறிவித்த நாளில் ஓடை ஓரத்தை 'வியூ' என்று தேர்ந்தெடுக்கும் சுற்றுலாப் பயணிக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய விதியும் இங்கே பொருந்தும். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருள்கிறவர்கள் பிரேக்கின் பலத்தையும் சேர்த்தே அணைக்கிறார்கள்.

மூணாறு, தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்கு வந்தால் தேசிய நெடுஞ்சாலை தேனி மாவட்டத்துக்குள் இறங்குகிறது. அடிவாரத்தில் போடிநாயக்கனூர், ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர். பெட்ரோல் பங்க், கழிப்பறை, விளக்கு வெளிச்சம், பக்கத்தில் தூங்கும் லாரிகள். அனுமதி கேட்டால் கிடைக்கும். ஆனால் நீட்டிப் படுத்துத் தூங்க முடியாது. பொழுது விடியும் முன்பே தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் கொங்காணியுமாகச் சாலையோரம் சேரத் தொடங்குவார்கள். நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைக்குப் புறப்படும். அதற்குள் பாயைச் சுருட்டி, வண்டியை அவர்கள் வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.