அறுந்த நாரும் அறாத நம்பிக்கையும்

விளையாட்டு வீரர் ஒருவருக்குக் காலில் அடிபட்டால், அவ்வேதனை அவர் உடம்போடு நின்றுவிடுவதில்லை. அவரைத் தம்மவர் என்று எண்ணியிருக்கும் ஆயிரக்கணக்கானோர் உள்ளத்தையும் அது தாக்குகிறது. கால்பந்துப் பைத்தியம் பிடித்த கொல்கத்தாவில் நெடுங்காலமாக வாழும் நமக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், அடிபட்டவர்பால் நாம் வைக்கும் நம்பிக்கை எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது நம் ஊர் மைதானம் அன்று. கடல் கடந்து வந்த ஒரு செய்தியே ஆகும்.

2012-ஆம் ஆண்டில் என் தம்பி மகன் அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தின் தலைநகராகிய கொலம்பியாவில், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவான். பாடத்தைப் பற்றிய பேச்சைவிடப் புட்பாலைப் பற்றிய பேச்சே மிகுதி. அமெரிக்கர் புட்பால் என்று வழங்குவது நாம் அறிந்த கால்பந்து அன்று. நீண்டு கூர்த்த பந்தைக் கையில் ஏந்தி, பாய்ந்து வீழ்த்த வருவோரிடமிருந்து தப்பி, எதிரணியின் எல்லைக்கோடு வரை ஓடிச் சேர வேண்டும். பாடிச் சென்றவன் பிடிபடாமல் மீளும் நம் சடுகுடுவின் சாமர்த்தியமும் துணிவும் இதற்கு வேண்டும்.

அந்நாட்டில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே சிறந்த ஆட்டக்காரர்களைத் தேடிப் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் வரன் பேச வருவோரைப் போலப் பெற்றோருடன் அமர்ந்து, தம் கல்லூரியின் பெருமைகளை எடுத்துரைக்கிறார்கள். அவ்வாறு பலரும் விரும்பி அழைத்தவர்களில் ஒருவர் மார்க்கஸ் லாட்டிமோர். தென் கரோலினாவில் டங்கன் என்னும் சிற்றூரில் உள்ள பிர்ன்ஸ் உயர்நிலைப் பள்ளியின் மாணவர். 2010 பிப்ரவரியில் அவர் தமது மாநிலத்துப் பல்கலைக்கழகத்தையே தேர்ந்துகொண்டார். 'நம் வீட்டுப் பிள்ளை நம்மோடே இருக்கிறான்' என்று அம்மாநிலத்தார் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அம்மகிழ்ச்சி வீண்போகவில்லை. முதலாண்டிலேயே அவர் பந்தை ஏந்தி ஓடிய தொலைவு 1,197 கஜம். அவ்வாண்டு நவம்பரில் புளோரிடா அணியுடன் நடந்த ஒரே பந்தயத்தில் 212 கஜம் ஓடினார். அந்த வெற்றியினால் அப்பல்கலைக்கழகம் தன் பிரிவில் முதன்முறையாக முதலிடம் பெற்றது.

2011 அக்டோபர் 15-ஆம் நாள் மிசிசிப்பி மாநில அணியுடன் ஆடும்போது இடது முழங்காலில் பிணைநார் அறுந்தது. எலும்போடு எலும்பைக் கட்டி வைக்கும் நார்கள் முழங்காலில் நான்கு உண்டு. உள்ளே குறுக்காக ஓடுபவை இரண்டு. பக்கத்துக்கு ஒன்றாக நிற்பவை இரண்டு. உள்ளே முன்புறம் உள்ளது அறுந்தால், தைத்து ஒட்ட வைப்பது பெரும்பாலும் கைகூடுவதில்லை. நோயாளியின் தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற் சிப்பியின் கீழிருந்தோ ஒரு துண்டு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். அப்புதிய நாருக்குள் இரத்தக் குழாய்கள் வளர்ந்து அது வலுவடையப் பல மாதங்கள் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்தில் இறங்குவது ஆபத்து என்பது வைத்தியர்கள் கூறும் எச்சரிக்கை.

லாட்டிமோர் பொறுமையுடன் பயின்று மீண்டார். 2012 ஆகஸ்டு இறுதியில், அவ்வாண்டின் முதற் பந்தயத்திலேயே நூறு கஜத்துக்கு மேல் ஓடினார். "பெரியப்பா, சொன்னபடியே வந்துவிட்டார்!" என்று தம்பி மகன் தொலைபேசியில் கூவியது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

இரண்டு மாதங்கூட முழுமையாகக் கழியவில்லை. அக்டோபர் 27-ஆம் நாள், கொலம்பியாவில் எண்பதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கத்தில், டென்னசி அணியுடன் பந்தயம். இம்முறை வலது முழங்கால். மூட்டே இடம் பெயர்ந்தது. பிணைநார்கள் பல அறுந்தன. இது முந்திய காயத்தைப் போன்றதன்று. மூட்டு இவ்வாறு பெயரும்போது அதன் பின்னே ஓடும் பெரிய இரத்தக் குழாய் சிதையுமானால் காலையே இழக்க நேரிடலாம். அரங்கம் முழுவதும் வாயடைத்து நின்றது. சொந்த அணியினர் மட்டுமன்றி, எதிரணியினரும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சூழ்ந்து நின்றார்கள்.

மறுநாள் தம்பி மகன் பேசினான். "பந்தயத்தில் நாங்கள்தாம் ஜயித்தோம், பெரியப்பா. ஆனால் வெளியே வந்தபோது ஒருவர் முகத்திலும் ஜயித்த களை இல்லை. என் பக்கத்தில் இருந்த கிழவர், 'இனி ஆடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளை நன்றாக நடந்தால் போதும்' என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்" என்றான்.

சென்ற ஆண்டு அடிபட்டபோது யாவரும் கேட்டது, 'எப்போது திரும்பி வருவார்?' என்பதே. அது அன்பில்லாத கேள்வி அன்று. எனினும் அந்த அன்பில் தம் அணியின் வெற்றியும் கலந்திருந்தது. இரண்டாம் முறை அக்கலப்பு நீங்கிவிட்டது. அக்டோபர் 29 அவருடைய இருபத்தோராவது பிறந்தநாள். அம்மாநில ஆளுநர், பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளாகிய நிக்கி ஹேலி, அந்நாளை மார்க்கஸ் லாட்டிமோர் தினம் என்று அறிவித்தார். அக்காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. கல்விச் செலவுக்கான உதவி மட்டுமே. தம் பெயரைக்கொண்டு பொருளீட்டும் உரிமையே 2021-இல்தான் அவர்களுக்குக் கிடைத்தது. எனவே கால் போனால், நாளைய பிழைப்பும் போகும் நிலை. அதை அறிந்தே மக்கள் வருந்தினார்கள்.

நவம்பர் தொடக்கத்தில், விளையாட்டு வீரர்களின் மூட்டுச் சிகிச்சையில் பெயர்பெற்ற டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அறுவை செய்தார். 2013-இல் சான் பிரான்சிஸ்கோ தொழில்முறை அணி, கால் குணமாகும் என்ற நம்பிக்கையில், அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒரு பந்தயங்கூட ஆடாமலே, 2014 நவம்பரில், இருபத்து மூன்றாம் வயதில் அவர் ஓய்வை அறிவித்தார்.

அப்படியானால் அத்தனை பேர் நம்பிக்கையும் பொய்த்ததா? இவ்வினாவுக்கு விடை எனக்கு என் வீட்டிலேயே கிடைத்தது.

என் இளைய மகன் விளையாட்டு ஒதுக்கீட்டில் கால்பந்துக்காகக் கல்லூரியில் இடம் பெற்றவன். சேர்ந்த நான்காம் மாதத்தில் அவனுக்கும் முழங்கால் நார் அறுந்தது. அறுவைக்குப் பின் கட்டோடு படுத்திருந்தவனைப் பார்க்க உற்றார், நண்பர், நம் சங்கத்தார் எல்லாரும் வந்தனர். அனைவரும் நல்லெண்ணம் உடையவர்களே. "எப்போது மைதானத்துக்கு? கல்லூரி உன்னை நம்பியல்லவா இருக்கிறது!" என்று உற்சாகமூட்டினர். அவனும் சிரித்துத் தலையசைப்பான். அவர்கள் படியிறங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஒருநாள் எதிர்வீட்டு வங்காள அம்மையார், நாங்கள் மாசிமா என்று அழைப்பவர், கிண்ணத்தில் பருப்புக் கஞ்சி கொண்டுவந்தார். பந்தயத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. "நேற்றிரவு உறக்கம் வந்ததா, பாபா?" என்று மட்டும் கேட்டார். அன்றுதான் அவன் வாய் திறந்தான். இரவு இரண்டு மணிக்கு வரும் வலி, இடம் போய்விடுமோ என்ற அச்சம், அப்பாவுக்கு எத்தனை செலவு என்ற கவலை, எல்லாவற்றையும் அரைமணி நேரம் சொன்னான். அடுத்த அறையில் இருந்து கேட்ட என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதினொரு மாதம் கழித்து அவன் மறுபடியும் ஆடினான். பழைய வேகம் வரவில்லை. படிப்பை முடித்து இன்று அலுவலகம் ஒன்றில் பணி செய்கிறான். ஞாயிறு காலையில் லேக் பக்கம் நண்பர்களோடு பந்தாடுகிறான். எங்களுக்கு அது போதும்.

பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களாகிய நாம், பெரும்பாலும் நம் ஆசைகள் அனைத்தையும் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவைத்திருக்கிறோம். அடிபட்டுக் கிடக்கும்போது அச்சுமை இரட்டிப்பாகிறது. நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாக அவர்களுக்குத் தோன்றலாகாது என்பதே என் விண்ணப்பம். 'எப்போது ஆடுவாய்?' என்பது நமக்காகக் கேட்கும் கேள்வி, 'வலி குறைந்ததா?' என்பது அவனுக்காகக் கேட்கும் கேள்வி.

லாட்டிமோர் 2018-இல் தம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்தார். இம்முறை ஓடுவதற்கன்று. வீட்டை விட்டுப் புதிதாக வந்து சேரும் இளம் ஆட்டக்காரர்களின் நலனையும் முன்னேற்றத்தையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்று, ஏறத்தாழ ஈராண்டுகள் அதனை நடத்தினார். அந்த அரங்கத்தின் படிகளில் இறங்கிக்கொண்டே ஒரு முதியவர் வேண்டியது, 'நன்றாக நடந்தால் போதும்' என்பதுதானே? அந்த வேண்டுதல் பலித்தது என்றே நான் கொள்கிறேன்.