காற்றுக்கும் வழி விடுவோம்

ஹாங்காங் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டினால், கவ்லூன் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு, நாதன் சாலை வழியே வடக்கு நோக்கி நடந்து பாருங்கள். இந்திய முஸ்லிம் படைவீரர்களுக்காக 1896இல் எழுப்பப்பட்டு, 1984இல் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்ட வெண்பளிங்குப் பள்ளி அது. காயல்பட்டினத்துச் சகோதரர்கள் பலர் நெடுங்காலமாக வணிகம் செய்துவரும் ஊராதலால், அங்கே தமிழில் நலம் விசாரிப்போரையும் காண்பீர்கள்.

அரை மணி நேரத்திற்குச் சற்று மேல் நடந்தால் மாங்காக் பகுதி வந்துவிடும். கடல் அருகிலேதான் இருக்கிறது. ஆயினும் தெருவில் மூச்சு முட்டும். காரணம் வாகனங்கள் மட்டுமல்ல. இருபுறமும் மதில்போல் நிற்கும் கட்டடங்களுமே!

தெருவின் அகலத்தைவிடக் கட்டடங்களின் உயரம் மிகும்போது, காற்று கூரைகளுக்கு மேலாகவே கடந்து போய்விடுகிறது. உள்ளே இறங்கும் சிறிதளவு காற்றோ, சன்னல் அடைத்த சமையற்கட்டில் விறகுப் புகை சுழல்வதுபோல, அதே புகையைச் சுமந்து அங்கேயே சுற்றுகிறது. அதை முதலில் சுவாசிப்பவர்கள் நடைபாதையில் செல்லும் குழந்தைகளும் முதியோரும்தாம்.

2003இல் சார்ஸ் நோய் பரவி ஏறத்தாழ 300 உயிர்களைப் பறித்த பின்னர், அந்நகரம் விழித்துக்கொண்டது. பெரும் அரசுத் திட்டங்கள் காற்றோட்டத்தை எவ்வாறு பாதிக்கும் என்பதை ஆராயும் முறை 2006இல் வந்தது. 2011இல் கட்டட வடிவமைப்புக்கான நெறிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. 15 மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள தெருவில், கட்டடத்தின் கீழ்ப்பகுதி தெருவின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்; பெரிய கட்டடங்களுக்கிடையே காற்றுக்கு இடைவெளி விட வேண்டும்; 1,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் குறைந்தது 20 விழுக்காடு பசுமைக்கு ஒதுக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

மரம் நட்டால் மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். குறுகிய தெருவில் கிளைகள் அடர்ந்து மூடிக்கொண்டால், புகை மேலெழ வழியின்றித் தங்கிவிடும். கட்டடம் புகையைக் கலைக்க உதவுமேயன்றி அழித்துவிடாது. ஆகவே வாகனப் புகையைக் குறைப்பதே முதற்கடமை.

அயல்நாட்டில் வியர்வை சிந்திச் சேர்த்த பொருளைக் கொண்டு ஊரில் வீடு கட்டுகிறோம். அப்போது ஓரடி நிலத்தையும் விட மனம் வருவதில்லை. மாடியைத் தெருவின் மேல் நீட்டுகிறோம். பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டுகிறோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதிலேயே மதரஸாவில் கற்ற நாம், அப்பாதையின் காற்றை அடைக்கலாமா? முள்ளை அகற்றச் சொன்ன மார்க்கம், மூச்சை அடைக்கச் சம்மதிக்குமா?

அடுத்த முறை வீட்டின் வரைபடம் உங்கள் முன் விரிக்கப்படும்போது, எத்தனை அறைகள் என்று கேட்பதோடு நில்லாமல், தெருவுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம் என்றும் கேளுங்கள். அண்டை வீட்டாரின் ஹக்கு அந்த இடைவெளியிலும் இருக்கிறது. அதைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.