மகளின் பல்லில் மாட்டிய என் வெட்கம்

என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவளுடைய மேல் முன்பற்களுக்கு இடையிலிருந்த சிறு இடைவெளியை மூடுவதற்காக லட்சக்கணக்கில் செலவழித்தேன். அது தேவையில்லை என்று எனக்கு முதலிலேயே சொல்லப்பட்டது. சொன்னவரை நான் நம்பவில்லை. அவர் எங்கள் பாடசாலை வளவுக்குள் ஒரு சிறிய அறையில், காசு வாங்காமல் பல் பார்ப்பவர். நம்பாததற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். மகளும் அங்கேதான் படிக்கிறாள். பாடசாலைப் பற்சிகிச்சையாளரைப் பிள்ளைகள் ‘பல்லு மிஸ்’ என்பார்கள். இலங்கையில் இந்தச் சேவை 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு வளர்ந்தது. மகரகமவில் பயிற்சி பெற்று வரும் இவர்கள் 3 வயது முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்குச் சூத்தை அடைக்கிறார்கள், பிடுங்க வேண்டியதைப் பிடுங்குகிறார்கள், பல் தீட்டப் பழக்குகிறார்கள். வள்ளக்காரரின் பிள்ளைக்கும் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் பல்லைப் பற்றிப் படித்த ஒருவர் வாயைத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் இந்த அறையில்தான். இதையெல்லாம் நான் பெற்றோர் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

2021இல் அவர் என் மகளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “முன்பல்லு இடைவெளி ஒண்டும் இல்ல சேர். மேல வேட்டைப்பல்லு வரக்கொள்ள அதுவா சேந்துடும். கீழ இந்தக் கடவாய்ப்பல்லுதான் அவசரம். இப்ப தற்காலிகமாத்தான் அடைச்சிருக்கேன். மூணு கிழமையில திரும்பக் கூட்டிட்டு வாங்க” என்றார். இரண்டும் சரி. இரண்டையும் நான் கேட்கவில்லை.

அவர் சொன்னதன் பொருளைப் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். 6 வயதிலிருந்து 12 வயது வரை பிள்ளையின் வாயில் பால்பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும். மேல் வேட்டைப்பற்கள் வெளியே வர 11, 12 வயதாகும். அதுவரை அவை எலும்புக்குள் இருந்தபடி பக்கத்து வெட்டும் பற்களின் வேர்களை நெருக்கும். வேர்கள் நெருங்க, பற்களின் நுனிகள் விசிறிபோல் விரியும், நடுவில் இடைவெளி விழும். பிராட்பென்ட் என்ற அமெரிக்கப் பற்சீரமைப்பு நிபுணர் 1937இலேயே இந்தப் பருவத்தை விவரித்திருக்கிறார். வேட்டைப்பல் இறங்கி வரும்போது வேர்மேல் இருந்த அழுத்தம் மாறி முன்பற்கள் நிமிர்கின்றன. 2 மில்லிமீற்றர் வரையான இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். அதற்கு முன் அவசரப்பட்டுப் பற்களை நெருக்கினால் வேர் போய் வேட்டைப்பல்லின் முடியில் இடித்து அரிபடவும் கூடும். மகளின் இடைவெளி 2 மில்லிமீற்றர்கூட வராது.

அப்படியிருந்தும் எனக்கு ஏன் பொறுக்க முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கும் எட்டு வயது. மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். என் மேல்வரிசைப் பற்கள் முன்னுக்குத் தள்ளியிருந்தன. புதுப் பள்ளிக்கூடத்தில் என்னை ‘அகதிப் பல்லன்’ என்றார்கள். அந்தப் பெயர் சாதாரண தரப் பரீட்சை வரை கூடவே வந்தது. அகதி என்ற பேச்சைக் காணி வாங்கி, வீடு கட்டி, உத்தியோகம் எடுத்து மெல்ல மெல்ல அழித்தேன். பல்லை அழிக்க வழி தெரியவில்லை. கல்யாணப் போட்டோவிலும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன்.

மகளின் பால்பற்கள் விழுந்து புதிய முன்பற்கள் அகலமாக, இடைவெளியோடு முளைத்தபோது நான் என் முகத்தைக் கண்டேன். அவளுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த இடைவெளிக்குள்ளால் விசில் அடிக்கப் பழகி, வீடு முழுக்க அடித்துக்கொண்டு திரிந்தாள். நான் போட்டோ எடுக்கும்போதெல்லாம் “வாய மூடு மகள்” என்றேன். ஒருநாள், இந்தப் பல்லோடு பெரியாளானால் உன்னை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளையிடம். அதன்பிறகு விசில் நின்றது. சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகத் தொடங்கியது. அந்தப் பழக்கம் அவளிடம் பிறப்பிலேயே இருந்ததைப்போல நான் மனைவியிடம் பேசினேன். “பாத்தியா, அவளுக்கே வெக்கமா இருக்கு, அதான் செய்யச் சொல்றேன்” என்றேன். மனைவியின் காப்புகளை அடகு வைக்க வைத்தது இந்தப் பொய்தான்.

கிளியர் அலைனர் பற்றிக் கைபேசியில் படித்திருந்தேன். கம்பி கட்டாமல், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிப் பல்லைச் சிறிது சிறிதாக நகர்த்தும் முறை. இதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனம் 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கென்றே தனி வகையொன்றை 2018இல் வெளியிட்டது. மகளுக்குப் போட்டது வேறொரு வகை. அமெரிக்கப் பற்சீரமைப்பு நிபுணர் சங்கம் ஏழு வயதளவில் பிள்ளையை ஒருமுறை நிபுணரிடம் காட்டச் சொல்கிறது. காட்டச் சொன்னதைச் சிகிச்சை தொடங்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சிகிச்சையையே பிழையென்று யாரும் என் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. மேல்பல் கீழ்பல்லுக்கு உள்ளே போய்க் கடிக்கும் பிள்ளைக்கும், மேல்தாடை ஒடுங்கிய பிள்ளைக்கும் சிறுவயதிலேயே செய்வதில் பயன் உண்டு. மிக முன்னுக்குத் தள்ளிய பல் விழுந்தெழும்பும் வயதில் உடைந்து போகாமல் காப்பதற்கும் உதவும். அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மகள் அவர்களில் ஒருத்தி இல்லை.

கொழும்பில் நான் தேடிப் போன பல் வைத்தியரும் “இப்ப அவசரமில்ல, கொஞ்சம் பொறுத்தும் பாக்கலாம்” என்றுதான் தொடங்கினார். நான்தான் விடவில்லை. பல்லு மிஸ் அவசரம் என்ற கீழ்க் கடைவாய்ப் பால்பல்லைப் பார்த்து, இதை முழுமையாகச் சரிசெய்த பிறகே உறை போட வேண்டும் என்றார். ஊரில் செய்கிறோம் என்றேன். அடுத்தமுறை கேட்டபோது செய்து முடித்தாயிற்று என்றேன். அவர் வைத்த தற்காலிக அடைப்பு மட்டுமே அதில் இருந்தது. கொழும்புக்குப் போன கதையை வைத்துக்கொண்டு பல்லு மிஸ்ஸின் அறைக்குத் திரும்பப் போக எனக்கு முகம் வரவில்லை. விழப்போகிற பால்பல்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

உறையை ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணித்தியாலம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடவும் பல் தீட்டவும் மட்டும் கழற்றலாம். போட்டபடி தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ஓதப் போய் வருகிறாள். இடையில் சீனி போட்ட பிளேன்டீ. உறையோடு இனிப்பைக் குடித்தால் அது பல்லோடு ஒட்டி நிற்கும், எச்சில் போய்க் கழுவ வழியில்லை. இதையும் வைத்தியர் சொல்லியிருந்தார். கழற்றச் சொன்னால் அவள் எங்காவது வைத்துவிட்டுத் தொலைத்துவிடுவாளென்று, கழற்றாமலே குடிக்க விட்டேன். மணிக்கணக்கைக் குறித்துவர ஓர் அட்டை தந்திருந்தார்கள். கொழும்புக்குப் போகும் முந்தின இரவு, 21, 22, 21 என்று ஒரே பேனையால் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். மகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் பார்த்தெழுதும் பிள்ளைகளைத் தண்டிக்கிற ஆசிரியர் நான்.

பிறகு 2022 வந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. அடுத்த உறைகளுக்கான விலையைக் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றார்கள். பள்ளிக்கூடங்கள் மூடின, மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. எங்களிடமிருந்து கொழும்பு 150 கிலோமீற்றருக்கு மேல். இனிமேல் யாரிடமும் பதில் சொல்லத் தேவையில்லை என்று உள்ளுக்குள் ஆறுதல் பட்டேன். ஊரே தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு அது ஒரு சாட்டாகக் கிடைத்தது. அதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே ஒப்புக்கொள்ள முடிகிறது.

அந்த நாட்களில்தான் மகளுக்குக் கன்னம் வீங்கியது. இரவு முழுக்க உம்மாவின் மடியில் கிடந்து அழுதாள். பக்கத்து வீட்டு நானா தன் மோட்டார் சைக்கிளில் மிச்சமிருந்த பெற்றோலை வைத்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தற்காலிக அடைப்பு உதிர்ந்து, பல் உள்ளே அழுகி, சீழ் கட்டியிருந்தது. மருந்து கொடுத்து வீக்கம் வற்றிய பிறகு பல்லைப் பிடுங்கினார்கள்.

அந்தப் பால்பல் 11, 12 வயது வரை நின்று, தனக்குக் கீழே வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்க வேண்டியது. அது போனதும் பின்னாலிருக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னுக்குச் சரியும். சரியாமல் தடுக்க ஒரு சிறிய கம்பி போட்டு வைப்பார்கள். பிடுங்கிய டொக்டர் அதைப் பற்றிச் சொல்லி, பாடசாலைக் கிளினிக்கில் காட்டி அங்கிருந்து கடிதம் எடுத்து வரச் சொன்னார். பாடசாலைகள் திறந்த பிறகு நான் ஒவ்வொரு நாளும் அந்த அறையைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன். உள்ளே போகவில்லை. ஒரு பிள்ளையின் பல்லைவிட என் மதிப்புப் பெரிதாக இருந்தது. இந்தக் கதையில் நான் செய்ததிலேயே ஆகக் கூடாத காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். பணம் போனதும், பொய் சொன்னதும்கூட இதற்கு அடுத்தபடிதான்.

உறையை நிறுத்தியதும், நெருங்கியிருந்த முன்பற்கள் சில மாதங்களில் பழைய இடத்துக்கே விலகிப் போயின. 2024இல் வேட்டைப்பற்கள் இறங்கத் தொடங்கின. அடுத்த வருடம் இடைவெளி இருந்த இடமே தெரியவில்லை. கீழே கடைவாய்ப்பல் முன்னுக்குச் சரிந்து நிற்கிறது, அதற்கு முன் வரவேண்டிய பல்லுக்கு இடம் போதவில்லை. பல்லு மிஸ் அதற்குள் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். ஊர் விசாரித்துப் போய்ச் சந்தித்து நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை. மகள்ட கீழ்ப்பல்லு இப்ப எப்பிடி இருக்கு என்று கேட்டார், எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று எழுதித் தந்தார்.

அந்தக் கிளினிக்கில் டொக்டர், பால்பல் ஏன் இவ்வளவு முந்திப் போனது என்று கேட்டபோது மனைவி என்னைப் பார்த்தாள். மகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் அவள், “அப்ப எண்ட பல்லுல ஒண்டும் இருக்கல்லியா வாப்பா? ஏன் வாய மூடச் சொன்னீங்க?” என்று கேட்டாள். முகாமைப் பற்றியும் அந்தப் பெயரைப் பற்றியும் முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன். அவள் என்னை மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை. கை இன்னும் வாய்க்குப் போகிறது, முன்னளவுக்கு இல்லை.

இப்போது அவளுக்குக் கழற்றி மாட்டும் பிளேட் ஒன்று தந்திருக்கிறார்கள், சரிந்த பல்லைப் பின்னுக்குத் தள்ளி இடம் எடுக்க. இதற்கும் மணிக்கணக்கு உண்டு. ஒரு கொப்பியில் அவளே எழுதுகிறாள், நான் தொடுவதில்லை. போன மாதம் சில நாட்கள் வெற்றாகக் கிடந்தன. கொப்பியை அப்படியே டொக்டரிடம் காட்டினாள். அவர் இன்னும் ஒரு மாதம் கூட்டிச் சொன்னார்.